பூமி ஒரே அமைப்பு என்கிறார்கள், அப்புறம் ஏன் ஐந்து கோளமாக வெட்டிப் படிக்கிறோம்?

புதுவரவு:
பூமி அமைப்பு அறிவியல் என்று ஒரு பாடம் இந்தப் பருவத்தில் எடுத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே வளிமண்டலம், நீர்க்கோளம், பனிக்கோளம், பாறைக்கோளம், உயிர்க்கோளம் என்று ஐந்து வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற நான்குக்கும் அம்புக்குறி இழுத்து, எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று எழுதியிருக்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த பத்துப் பக்கமும் அதே வாக்கியம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. நிலவியல் இருக்கிறது, வானிலையியல் இருக்கிறது, கடலியல், சூழலியல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தப் புதுப் பாடம் தனியாக என்ன சொல்கிறது? இன்னொரு சின்னச் சந்தேகம்: மேகம் எந்தக் கோளம்? மண் எந்தக் கோளம்? இரண்டுக்கும் புத்தகத்தில் நேரான பதில் இல்லை.

ஆழ்கடல்:
மேகத்தை எந்த வட்டத்தில் போட்டாலும் குடி முழுகிப் போகாது. வட்டங்கள் நம் வசதிக்குப் போட்டவை. பாடம் இருப்பது அம்புக்குறிகளில்.

கடலிலிருந்து காற்றுக்கு நீர் போகிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த விஷயம். எவ்வளவு போகிறது, போன இடத்தில் எவ்வளவு காலம் தங்குகிறது, அங்கே அது செய்கிற வேலை திரும்பி வந்து அதே அம்பைப் பெரிதாக்குகிறதா சிறிதாக்குகிறதா, இந்த மூன்றையும் கேட்கத் தொடங்கினால்தான் இது அறிவியல். எந்த நேரத்திலும் காற்றில் இருக்கிற மொத்த நீர் சுமார் 12,900 கன கிலோமீட்டர். ஆண்டு முழுக்க உலகெங்கும் கொட்டுகிற மழையும் பனியும் சுமார் 5 லட்சம் கன கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு நீர்த்துளி காற்றில் சராசரியாக ஒன்பது, பத்து நாள்தான் தங்குகிறது. அதே கணக்கைக் கடலுக்குப் போட்டால் மூவாயிரம் ஆண்டு வரும். ஒரே நீர்தான், ஒரு பக்கம் பத்து நாள், மறுபக்கம் மூவாயிரம் ஆண்டு. காற்று மறந்துவிடுவதைக் கடல் ஏன் நினைவில் வைத்திருக்கிறது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே பாதி விளங்கிவிடும்.

வரலாறு கேட்டால், 1980களில் நாசா ஒரு குழு அமைத்தது, பிரான்சிஸ் பிரெதர்டன் அதன் தலைவர். அவர்கள் வெளியிட்ட ஒரு பெட்டி-அம்புப் படம் இந்தத் துறையில் எல்லோரும் பார்த்தே ஆகவேண்டிய படம். அதில் உங்கள் புத்தகத்தில் இருப்பது மாதிரி ஐந்து கோளம் கிடையாது. கடல் இயக்கம், நில ஈரம், காற்றின் வேதியியல், கடல் உயிர் வேதியியல் என்று நடக்கிற வேலைகளை வைத்துப் பெட்டி போட்டிருப்பார்கள். மண்ணுக்கு ஒரு பெட்டி உண்டு. சூரியனும் எரிமலையும் வெளியிலிருந்து தள்ளுகிறவை, மனிதர்கள் ஓரத்தில் ஒரு பெட்டி.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். புத்தகத்துப் படத்தில் இருக்கிற ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு கால அளவை எழுதிப் பாருங்கள்.

மண்புழு:
மண் எந்தக் கோளம் என்று கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் பெரும்பாலான அறிமுகப் புத்தகங்கள் மண்ணை ஒரு பத்தியில் முடித்துவிடும், எனக்கு அதில் தீராத கோபம்.

நல்ல மண்ணைக் கையில் எடுத்தால் அதன் கன அளவில் ஏறத்தாழ பாதி வெற்றிடம், அதில் காற்றும் நீரும். மீதிப் பாதி பாறைத் துகளும் கொஞ்சம் மக்கிய உயிர்ப்பொருளும், நடுவில் வேரும் பூஞ்சையும் நுண்ணுயிரும். அதாவது நான்கு கோளங்கள் ஒரே பிடிக்குள். உறைபனி நிலம் என்றால் ஐந்தாவதும் சேர்ந்துவிடும். மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழம் வரை மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. வளிமண்டலத்தில் இருப்பது சுமார் 87,000 கோடி டன், உலகத்துச் செடிகொடி மரம் எல்லாவற்றிலும் சேர்த்து 45,000 கோடி டன் வாக்கில். அந்த இரண்டையும் கூட்டினாலும் மண்ணுக்கு எட்டாது.

அங்கே நடக்கிற வேலைதான் பெரிது. வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் இருக்கிற காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு வெளிக்காற்றைப்போல பத்து முதல் நூறு மடங்கு வரை இருக்கும். அது நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி, பாறைத் துகளை அரித்து, கால்சியத்தை ஆற்றில் விட்டு, ஆறு கடலில் விட்டு, கடலுயிர்கள் அதைக் கொண்டு ஓடு கட்டி, செத்து, அடியில் படிந்து, சுண்ணாம்புக் கல்லாகி, அந்தக் கடல்தரை ஒருநாள் கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போய், வெந்து, எரிமலை வழியாக அதே கார்பன் டை ஆக்ஸைடு மறுபடி காற்றுக்கு வருகிறது. இந்தச் சுற்று ஒருமுறை முடியக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இதை எந்தத் துறையில் வைப்பீர்கள்? மண்ணியல்காரர் வேரோடு நிறுத்திக்கொள்வார், கடலியல்காரர் ஓட்டில் தொடங்குவார், எரிமலைக்காரர் கடைசிக் காட்சிக்கு மட்டும் வருவார்.

எதிர்க்கேள்வி:
நான் இந்தத் துறைக்காரன் இல்லை, பொறியாளன். எனக்கு இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது என்பதை எந்தச் சாமியாரும் சொல்வார். தனித்தனித் துறைகளால் சொல்ல முடியாத ஒன்றை இந்த இணைத்துப் பார்க்கிற வழி முன்கூட்டியே சொல்லி, அது நடந்தும் காட்டியதா? ஒரே ஓர் உதாரணம் போதும்.

இடிமேகம்:
பினாடுபோ. பிலிப்பைன்ஸ், 1991 ஜூன் 15.

எரிமலை சுமார் 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்ஸைடை, மழையும் மேகமும் இருக்கிற அடுக்குக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலத்துக்கு வீசியது. அது அங்கே கந்தக அமிலத் துளிகளாகி உலகம் முழுக்கப் பரவி, சூரிய ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பியது. காலநிலை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹான்சனும் கூட்டாளிகளும் கணினி மாதிரியில் போட்டு, உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறையும், 1992 பிற்பகுதியில் அது அதிகமாகத் தெரியும் என்று 1992 ஜனவரியிலேயே அச்சில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய அப்படியே நடந்தது.

இது பாதிக் கதைதான். காற்று குளிர்ந்ததும் அதில் இருக்கிற நீராவி குறைந்தது. நீராவி தானே ஒரு பசுங்குடில் வாயு, அது குறைந்தால் இன்னும் குளிரும். பிற்பாடு பத்து ஆண்டு கழித்து ஒரு குழு மாதிரியில் இந்த நீராவி விளைவை மட்டும் வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தது. அணைத்தால், நிஜத்தில் அளந்த அளவு குளிர்ச்சி வரவே இல்லை. அதாவது அமிலத் துளிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பு, துளிகளும் நீராவியும் சேர்ந்தால்தான் சரி.

அப்புறம் இன்னொன்று நடந்தது. அந்த ஓரிரு ஆண்டில் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும் வேகம் குறைந்தது. குளிர்ந்ததால் மண்ணில் மக்குவது மெதுவானது ஒரு காரணம். ஒளி சிதறி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்ததால் மேல் இலைகளின் நிழலில் இருந்த கீழ் இலைகளுக்கும் வெளிச்சம் போய் ஒளிச்சேர்க்கை கூடியது இன்னொரு காரணம். எவ்வளவு எதனால் என்பதில் இன்னும் வாதம் உண்டு. ஆனால் பாறைக்கோளத்தில் ஒரு வெடிப்பு, காடுகளின் கார்பன் கணக்கில் தெரிகிறது.

எதிர்க்கேள்வி:
இது நல்ல பதில், ஏற்றுக்கொள்கிறேன். சாமியார் பேச்சை வாபஸ் வாங்கவில்லை, உங்களுக்கு அது பொருந்தாது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

புதுவரவு:
எனக்கு இங்கேதான் குழப்பம். குளிர்ந்தால் நீராவி குறைகிறது, நீராவி குறைந்தால் இன்னும் குளிர்கிறது. அதே மாதிரி பனி உருகினால் சூடு கூடுகிறது, சூடு கூடினால் பனி உருகுகிறது. இப்படி ஒன்றை ஒன்று ஊதிவிட்டுக்கொண்டே போனால் பூமி எப்போதோ வெந்திருக்க வேண்டும், இல்லை உறைந்திருக்க வேண்டும். ஏன் நிற்கிறது?

ஆழ்கடல்:
இந்தக் கேள்விக்குத்தான் பாதிப் பாடத்தையும் எழுத வேண்டும்.

உடனடியாக நிறுத்துவது எளிமையான இயற்பியல். பொருள் சூடாக ஆக, அது விண்வெளிக்கு விடுகிற வெப்பம் முழுவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. கொஞ்சம் சூடானாலும் இழப்பு நன்றாகக் கூடும். நீராவியும் பனியும் இந்தப் பிடியைத் தளர்த்துகின்றன, ஆனால் இப்போதைய நிலையில் முழுசாக அவிழ்க்கவில்லை. அதனால் ஏறுகிற சூடு பெரிதாகிறது, கட்டுமீறி ஓடவில்லை.

ஆனால் ஏறக்குறைய ஓடிய காலமும் உண்டு. புதுப்பனி விழுகிற ஒளியில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், திறந்த கடல் ஆறு ஏழு சதவீதத்தைத்தான் அனுப்பும். பனி துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி ஓர் அளவுக்கு மேல் இறங்கிவிட்டால் அப்புறம் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. சுமார் 72 கோடி ஆண்டு முதல் 63.5 கோடி ஆண்டு முன்பு வரையான காலத்தில் இரண்டு முறை அப்படி ஆனது. முதல் உறைவு மட்டும் 5 கோடி ஆண்டுக்கு மேல் நீடித்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்த பாறைகளில் பனிப்பாறை இழுத்துப் போட்ட கற்கள் கிடக்கின்றன.

வெளியே வந்தது எப்படி என்பது மண்புழு சொன்ன அந்த நீண்ட சுற்றில் இருக்கிறது. எல்லாம் உறைந்தால் மழை இல்லை, மழை இல்லையென்றால் பாறை அரிப்பு இல்லை, அரிப்பு இல்லையென்றால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை எடுப்பார் இல்லை. எரிமலைக்கோ மேலே பனி இருக்கிறதா என்கிற கவலையே கிடையாது, அது பாட்டுக்குக் கக்கிக்கொண்டே இருக்கும். பல பத்து லட்சம் ஆண்டுகள் சேர்ந்து சேர்ந்து, பனியையும் மீறிச் சூடாகி, ஒரே மூச்சில் உருகியது. அந்தப் பனிப் படிவுக்கு நேர் மேலே, வெப்பக் கடலில் படிகிற வகைச் சுண்ணாம்பு அடுக்கு உலகின் பல இடங்களில் இருக்கிறது. முதலில் பார்த்தவர்களுக்கு அது புரியாத புதிராகத்தான் இருந்தது.

சூடானால் அரிப்பு கூடிக் கார்பன் குறையும், குளிர்ந்தால் அரிப்பு குறைந்து கார்பன் சேரும். இந்த இயல்பான கட்டுப்பாட்டை வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் 1981இல் எழுதினார்கள். பூமி தோன்றிய காலத்தில் சூரியன் இன்றைக்கு இருப்பதைவிட முப்பது சதவீதம் மங்கலாக இருந்தும் கடல் உறையாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

வனதேவதை:
அப்படியென்றால் பூமி தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற ஓர் உயிர் என்று அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் சொன்னது சரிதானே? நாமெல்லாம் இவ்வளவு பதற வேண்டியதில்லை.

மண்புழு:
லவ்லாக்கும் உயிரியலாளர் லின் மார்குலிஸும் 1970களில் சொன்னதில் ஒரு பாதி இன்று எல்லோரும் ஏற்பது: உயிர் என்பது சூழலில் வந்து குடியேறிய வாடகைக்காரர் இல்லை, காற்றின் கலவையையே மாற்றி எழுதியது அதுதான். மறுபாதி, உயிர் தனக்கு வசதியாகவே பூமியை வைத்திருக்கும் என்பது. அங்கே நான் இறங்கிக்கொள்கிறேன்.

சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் விட்ட ஆக்ஸிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. அன்றைக்கு இருந்த பெரும்பாலான உயிர்களுக்கு அது விஷம். அதோடு காற்றில் இருந்த மீத்தேனையும் அது தின்றுவிட்டதால்தான் அந்தக் காலத்தில் ஒரு பெரும் உறைபனிக் காலம் வந்தது என்று வலுவான கருத்து உண்டு. தனக்கு வசதி செய்துகொள்கிறவர் செய்கிற காரியமா இது? ஆனால் அதே ஆக்ஸிஜன்தான் பிற்பாடு ஓசோன் படலமாகி, நிலத்தில் உயிர் ஏற வழி விட்டது. அதுவும் யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை.

கடல்பாசிகள் விடுகிற கந்தக ஆவி மேகத்துக்கு விதையாகி, வெயிலைக் குறைத்து, பாசியையே கட்டுப்படுத்தும் என்று 1987இல் லவ்லாக் உள்ளிட்ட நால்வர் ஒரு கருதுகோள் வைத்தார்கள். அழகான யோசனை. முப்பது ஆண்டுக்கு மேலாகத் தேடியும் அந்த வளையம் முழுசாக மூடுவதாக யாராலும் காட்ட முடியவில்லை, உப்புத் துகள் உட்பட வேறு பல விதைகள் அங்கே இருக்கின்றன. ஆகவே பதற வேண்டியதில்லை என்ற முடிவை மட்டும் இதிலிருந்து எடுக்காதீர்கள்.

வனதேவதை:
உயிர் இல்லை என்று நிரூபிக்கவும் இல்லையே.

மண்புழு:
அது வேறு இழை. அங்கே வாருங்கள், சண்டை போடுவோம்.

எதிர்க்கேள்வி:
ஒரு கணக்குக் கேள்வி. ஆழ்கடல் சொன்ன வகுத்தலையே கார்பனுக்குச் செய்து பார்த்தேன். காற்றில் 87,000 கோடி டன். செடிகளும் கடலும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி டன் உள்ளே இழுப்பதாகப் போட்டிருக்கிறது. அப்படியென்றால் தங்கும் காலம் நாலு, ஐந்து ஆண்டுதான். பிறகு ஏன் நாம் விடுகிற கார்பன் ஆயிரம் ஆண்டு இருக்கும் என்கிறார்கள்? இரண்டில் ஒன்று பொய்.

ஆழ்கடல்:
இரண்டும் உண்மை. இரண்டு தொட்டிக்கு நடுவே நாள் முழுக்க மொண்டு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் ஊற்றிக்கொண்டிருந்தால், ஒரு குறிப்பிட்ட துளி இந்தத் தொட்டியில் சில நிமிடம்தான் இருக்கும். ஆனால் இரண்டு தொட்டியின் மட்டமும் இறங்காது. நாலு ஆண்டு என்பது ஒரு மூலக்கூறு இடம் மாறும் காலம். ஏறிய மட்டம் இறங்கும் காலம் வேறு.

இயற்கையில் 20,000 கோடி உள்ளே, ஏறக்குறைய அதே அளவு வெளியே. அதன் மேல் நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பனைப் புதிதாகச் சேர்க்கிறோம். எல்லா எரிமலைகளும் சேர்ந்து விடுவது இதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். சேர்த்ததில் ஏறத்தாழ பாதியைக் கடலும் நிலமும் எடுத்துக்கொள்கின்றன. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்ஸைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடந்த 8 லட்சம் ஆண்டுப் பனிக்கட்டிக் குமிழிகளில் அது 300ஐத் தாண்டி நின்றதே இல்லை.

கடல் பெரியதாயிற்றே, அதில் 38 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறதே, இதையும் குடிக்காதா என்றால், குடிக்கும், மெதுவாக. மேல்நீரின் வேதியியல் ஒரு தடை: காற்றில் பத்து சதவீதம் கூடினால் மேல்நீரில் கரைந்த கார்பன் சுமார் ஒரு சதவீதம்தான் கூடும். ரோஜர் ரெவல், ஹான்ஸ் சூஸ் 1957இல் இதைத் தொட்டுக் காட்டினார்கள். மேல்நீர் ஆழத்தோடு கலக்க நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரம் ஆண்டு வரை ஆகும். அப்புறம் கடலடிச் சுண்ணாம்பு கரைந்து அமிலத்தைத் தணிக்கப் பத்தாயிரம் ஆண்டு வாக்கில். கடைசி மிச்சத்தைப் பாறை அரிப்பு எடுத்துக்கொள்ள லட்சக்கணக்கில். இந்த நூற்றாண்டு முடியும் வரை நாம் விடுவதில் 15 முதல் 40 சதவீதம் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் காற்றிலேயே இருக்கும் என்பது காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கை மதிப்பீடு. 5.6 கோடி ஆண்டுக்கு முன் இப்படி ஒரு கார்பன் வெள்ளம் வந்து உலகம் ஐந்தாறு டிகிரி சூடானது, பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றிரண்டு லட்சம் ஆண்டு எடுத்தது.

வனதேவதைக்கும் இதுதான் பதில். பூமி பார்த்துக்கொள்ளும், அதன் நேரக்கணக்கில்.

இடிமேகம்:
ஒன்று சேர்க்கிறேன், இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு கையைத் தூக்கிவிடுகிறார்கள். வெளியேற்றம் முழுசாக நின்றால் வெப்பநிலை மேலும் மேலும் ஏறிக்கொண்டே போகும் என்று அர்த்தம் இல்லை. கடலும் நிலமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதால் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு இறங்கும், அதே சமயம் கடல் வெப்பத்தை உறிஞ்சும் வேகமும் குறையும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் வெப்பநிலை அந்த மட்டத்திலேயே நிற்கும். குறையாது, ஆனால் பெரிதாக ஏறவும் ஏறாது. கடல்மட்டம் மட்டும் தொடர்ந்து ஏறும், பனியும் ஆழ்கடலும் மெதுவாக வேலை செய்கிறவை.

எதிர்க்கேள்வி:
சரி, இரண்டு வேறு கால அளவு. புரிந்தது. இதைப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

வரைபடம்:
மனிதர்களுக்கு என்று ஆறாவது கோளம் ஒன்று போட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்களே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை?

மண்புழு:
பெயர் வைப்பதில் எனக்கு ஆர்வம் குறைவு. மனித யுகத்தைத் தனி நிலவியல் காலமாக அறிவிக்கலாமா என்ற முன்மொழிவை 2024இல் நிலவியல் அமைப்புகள் நிராகரித்துவிட்டன, அதனால் ஒரு கார்பன் மூலக்கூறு கூடத் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. உரத்துக்காகக் காற்றிலிருந்து பிடிக்கிற நைட்ரஜன், நிலத்தில் இயற்கையாகப் பிடிபடுவதோடு போட்டிபோடும் அளவுக்கு வந்துவிட்டது, அதைக் கணக்கில் சேர்த்தால் போதும்.

புதுவரவு:
ஆழ்கடல் சொன்ன வேலையைச் செய்தேன். காற்றில் நீர் ஒன்பது நாள், கடலில் மூவாயிரம் ஆண்டு, தூசி காற்றில் சில நாளிலிருந்து ஒன்றிரண்டு வாரம், அடுக்கு மண்டலத்துக் கந்தகத் துளி ஓரிரு ஆண்டு, கடலடியிலிருந்து எரிமலை வரை கோடிக்கணக்கான ஆண்டு. தூசி எந்தக் கோளத்திலிருந்து எந்தக் கோளத்துக்கு என்று எழுதத் தெரியாமல் விட்டுவிட்டேன். நிலத்தடி நீருக்கும் எண் கிடைக்கவில்லை, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று சொல்கிறது.

இடிமேகம்:
தூசி அம்புக்கு நல்ல உதாரணம் சாடு நாட்டின் போடேலே பள்ளம். ஒரு காலத்தில் பெரிய ஏரி, இப்போது காய்ந்த தரை, செத்த டயட்டம் பாசிகளின் ஓட்டுத்தூள். அந்தப் பள்ளம் உட்பட சஹாரா முழுவதிலிருந்தும் கிளம்புகிற தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டில் விழுகிறது. செயற்கைக்கோள் அளவை வைத்து 2015இல் வந்த மதிப்பீடு ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் தூசி, அதில் 22,000 டன் பாஸ்பரஸ். மழை அந்தக் காட்டிலிருந்து அடித்துக்கொண்டு போகிற பாஸ்பரஸும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆப்பிரிக்கக் காட்டுத்தீப் புகையும் கணிசமாகக் கொண்டுவருகிறது என்று பிற்பாடு ஓர் ஆய்வு சொன்னது, அதனால் பங்கு பிரிப்பது இன்னும் முடியவில்லை. கோளம் எதுவென்று எழுத வேண்டுமென்றால் ஐந்தில் நாலை எழுதிவிடுங்கள்.

ஆழ்கடல்:
நிலத்தடி நீருக்கு ஒரே எண் கிடையாது, தேடாதீர்கள். மேலோட்டமான நீர் சில மாதத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். சஹாராவுக்கு அடியில் நூபியன் மணற்கல்லில் கிடக்கிற நீரில் சில பகுதி பத்து லட்சம் ஆண்டு பழசு. சராசரி எடுத்து எழுதினால் எந்தக் கிணற்றுக்கும் பொருந்தாத எண்தான் வரும், அந்த இடத்தில் ஒரு வரம்பு எழுதுங்கள்.

எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் இப்போது வானத்திலிருந்தே எடை போட முடிகிறது. கிரேஸ் என்று 2002இல் ஏவிய இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே நிறை கூடுதலாக இருக்கிற இடத்தை நெருங்கும்போது முன்னது கொஞ்சம் முந்தி இழுக்கப்படும், அந்த இடைவெளி மாற்றத்தை மைக்ரோமீட்டர் அளவில் அளந்தார்கள். கிரீன்லாந்து பனி இழப்பும் நிலத்தடி நீர் இழப்பும் ஒரே கருவியில் தெரிந்தன. உறிஞ்சிய நிலத்தடி நீர் பாசனத்திலிருந்து ஆவியாகி, ஒன்பது நாளில் மழையாகி, பெரும்பகுதி கடைசியில் கடலில் போய்ச் சேர்ந்து கடல்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்துகிறது. உங்கள் படத்தில் நிலத்தடியிலிருந்து கடலுக்குத் தடிமனாக ஓர் அம்பு போட்டு, மூவாயிரம் ஆண்டு என்று எழுதியிருக்கிற வட்டத்தில் கொண்டுபோய் முடியுங்கள்.